சுறா எண்ணெய் பூசிய எஞ்சின்

குருநகரில் பிறந்தவனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது என்றால் ஊர் சிரிக்கத்தான் செய்யும். சிமியோனைப் பார்த்து நன்றாகவே சிரித்தது. தகப்பன் வள்ளம் கட்டும் ஓடாவி. தமையன்மார் மூவரும் விடியுமுன் கடலில் நிற்பவர்கள். சிமியோன் மட்டும் வள்ளம் கரையை விட்டு நகர்ந்ததும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிடுவான்.

“பாருங்கோடி, ஓடாவியாற்றை கடைக்குட்டி மீனுக்குச் சோறு போடுறான்!” என்று கரையில் மீன் தரம் பிரிக்கும் பெண்கள் கூவுவார்கள்.

பள்ளிக்கூடம் முடிந்ததும் தகப்பன் ஒரு முடிவுக்கு வந்தார். இந்தப் பெடியன் தரையில்தான் பிழைக்கவேண்டும். யார் யாரையோ பிடித்து, யாழ்ப்பாணத்து றெயில்வே ஷெட்டில் எண்ணெய்த் துணியோடு நிற்கும் வேலை ஒன்றில் சேர்த்துவிட்டார். எஞ்சினும் ஆடும் என்பது அவருக்குத் தெரியாது. ஆனால் அந்த ஆட்டத்தில் சிமியோனின் வயிறு புரளவில்லை. டீசல் மணம் அவனுக்குப் பிடித்தது. துணி பிடித்தவன் நட்டுக் கழற்றும் சாவி பிடித்தான். சாவி பிடித்தவன் எஞ்சின் திருத்தும் பிற்றர் ஆனான். றோஸைக் கட்டினான். பிள்ளைகள் இரண்டு. ஆள் அதிகம் கதைக்கமாட்டான். எஞ்சின் ஓடும்போது மூடியில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டு நிற்பான். அவன் முகம் மலர்ந்ததைக் கண்டவர்கள் அப்போது கண்டதுதான்.

தொண்ணூறாம் ஆண்டு ஆனியில் இயக்கத்துக்கும் ஆமிக்கும் சண்டை திரும்பவும் வெடித்தது. றெயில் நின்றது. கோட்டையைச் சுற்றி நடந்த அடிபாட்டில் குருநகர் தூளாகியது. தகப்பன் கட்டிய வள்ளங்களும், சிமியோன் கட்டிய இரண்டறை வீடும், அதன் பின்னால் நின்ற முருங்கையும் ஒரே கிழமைக்குள் இல்லாமற் போயின. றோஸையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு தென்மராட்சிக்கு வந்து, மீசாலையில் மார்க்கண்டு என்பவருடைய தென்னங்காணியில் ஒரு கொட்டில் போட்டுக்கொண்டு இருந்தான்.

பங்கீட்டுச் சாமான் கொடுக்கும் சங்கக்கடை வரிசையில் ஒருநாள் பின்னால் நின்ற ஒருவர் அவன் தோளில் தட்டினார்.

“டேய், நீ ஷெட்டிலை நிண்ட சிமியோனெல்லே?”

திரும்பினால் கனகசபாபதி. எஞ்சின் றைவர். வெறும் மேலில் துவாய். நெற்றியில் மூன்று குறி. அந்தக் கோலத்தில் அவரைச் சிமியோன் முன்னர் கண்டதில்லை.

“ஓம் அண்ணை.”

“சீனியை வாங்கிக்கொண்டு என்னோடை வா. ஒரு சாமான் காட்டுறன்.”

சண்டை தொடங்கிய அன்று கனகசபாபதி ஒரு கனடா எஞ்சினோடு வழியில் அகப்பட்டுக்கொண்டார். முன்னுக்கும் போகமுடியாது, பின்னுக்கும் போகமுடியாது. சொந்த ஊர் மீசாலை என்பதால் ஒரு விஷயம் அவருக்குத் தெரியும். முந்திய காலத்தில் கல்லேற்றுவதற்குப் போட்ட கிளைப்பாதை ஒன்று தென்னைகளுக்குள் போய் முடிகிறது. எஞ்சினை மெல்ல அதற்குள் விட்டு நிறுத்திவிட்டு வீட்டுக்கு நடந்துபோய்க் குளித்துச் சாப்பிட்டுப் படுத்தார். அதற்குப் பிறகு அதை ஓட்டிப்போக ஒரு பாதையும் இருக்கவில்லை.

சிமியோன் போனபோது அதன் சில்லுகளில் தொட்டாற்சுருங்கி படர்ந்திருந்தது. கனடாக்காரர் கொடுத்த எஞ்சின்களில் ஒன்று. சிமியோன் பிறந்த காலத்தை ஒட்டித்தான் அவையும் கப்பலில் வந்து இறங்கின. அவன் கையை அதன் பக்கவாட்டில் வைத்தான். வெயிலில் சுட்டது. குருநகரை விட்டு வந்த பிறகு உடையாமல், எரியாமல், முழுசாக அவன் கண்ட பெரிய பொருள் அதுதான்.

“சும்மா விட்டா இறுகிப் போகும் அண்ணை,” என்றான்.

“அதுக்குத்தானேயடா உன்னைக் கூட்டிக்கொண்டு வந்தனான்.”

மூன்றாவது ஆளாகத் தேவராசா சேர்ந்துகொண்டார். டீசல் இல்லாமல் தன் லொறியைக் கல்லடுக்கி அதன்மேல் நிறுத்திவைத்திருந்தவர். வேறு வேலையில்லை, வாய் மட்டும் ஓயாது. சனிக்கிழமைகளில் மூவரும் கூடுவார்கள். முதலில் எஞ்சினுக்கு மேல் பின்னிய தென்னோலைக் கிடுகால் ஒரு கூரை போட்டார்கள். மேலே பறக்கிறவன் பார்த்தால் தேங்காய் மட்டை காயப்போட்ட கொட்டில் மாதிரித்தான் தெரியும். பிறகு மூடிகளைத் திறந்து, உள்ளே இருக்கும் பெரிய சக்கரத்தின் துளைகளில் இரும்பு அலவாங்கைக் கொடுத்து, மூவரும் சேர்ந்து தொங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புவார்கள். கட்டிலோடு கிடக்கிற நோயாளியைப் புண் வராமல் புரட்டிப் போடுகிற மாதிரி. ஒருவரும் சொல்லிச் செய்த வேலை இல்லை. ஒருவரும் சம்பளம் தரப்போவதும் இல்லை.

“இது ஓடினாத்தான் சண்டை முடிஞ்சதெண்டு நான் நம்புவன்,” என்று சிமியோன் ஒருநாள் றோஸிடம் சொன்னான்.

“முடிஞ்சாலும் போறதுக்கு எங்கையப்பா வீடு இருக்கு?” என்றாள் றோஸ்.

பிரச்சினை எண்ணெய்தான். குடாநாட்டுக்குள் எஞ்சின் ஒயில் ஒரு சொட்டும் வராத காலம். எஞ்சினின் அடிவயிற்றில் கிடந்த பழைய ஒயிலை உள்ளுக்குத்தான் வைத்திருக்கவேண்டும். வெளியிலுள்ள கம்பிகள், நெம்புகள், மூட்டுகள் எல்லாம் கடற்காற்றில் சிவக்கத் தொடங்கின.

“நல்லெண்ணெய் பூசுவம்,” என்றார் கனகசபாபதி.

“அண்ணை, தோசைக்கே நல்லெண்ணெய் இல்லை,” என்றார் தேவராசா. “உங்கடை எஞ்சினுக்கு முழுக்காட்டவே?”

சிமியோனுக்குத் தகப்பன் வள்ளம் கட்டும் கரைவாடி நினைவுக்கு வந்தது. வள்ளத்துப் பலகைக்கு அவர் சுறா எண்ணெய்தான் பூசுவார். பூசின பலகையை உப்புத் தொடாது. கிளாலிக் கரையில் தெரிந்த ஆட்கள் இருந்தார்கள். அடுத்த கிழமை இரண்டு போத்தல் கொண்டுவந்தான்.

கனகசபாபதி துவாயால் மூக்கைப் பொத்திக்கொண்டு தூரத்தில் போய் நின்றார். “விசரா! சைவக்காரன் ஓட்டின எஞ்சினடா. இதைப் பூசினா நான் இனி எப்பிடி உள்ளுக்கை ஏறுறது?”

“ஏறி எங்கை போகப்போறியள் அண்ணை? கோயிலுக்கே?” என்றார் தேவராசா.

கடைசியில் கனகசபாபதியும் ஒப்புக்கொண்டார். கோபம் தீர்ந்ததும் மூக்கைப் பொத்திய கையை எடுத்துவிட்டு அவரே ஒரு துணியை எடுத்தார். சிமியோன் டீசலை அளந்து விடுகிற சின்னக் கம்பிகளுக்கும், அவற்றை அசைக்கும் நீளத் தண்டுக்கும் பார்த்துப் பார்த்துப் பூசினான். கிழமைக்குக் கிழமை பூசினான். துரு நின்றுவிட்டது. காகங்கள் மட்டும் வந்து கிடுகுக் கூரையில் வரிசையாகக் குந்தத் தொடங்கின. விரட்டினால் எழும்பி ஒரு வட்டம் போட்டுவிட்டுத் திரும்பவும் குந்தும்.

தண்டவாளங்களைக் கழற்றத் தொடங்கியிருந்தார்கள். குண்டுக்குப் பதுங்கும் பங்கருக்குத் தண்டவாளத்தைப் போலக் கூரை வராது. இயக்கத்துப் பெடியன் ஒருவன் அதற்குப் பொறுப்பு. ஆட்களோடு தெற்கிலிருந்து கழற்றிக்கொண்டு வந்தான். முதலில் தூரத்தில் இரும்பில் சுத்தியல் விழும் சத்தம் கேட்டது. பிறகு ஒவ்வொரு கிழமையும் கிட்டக் கேட்டது. கழற்றின இடத்தில் கட்டைகளும் இல்லை. கல்லுமட்டும் நீளத்துக்குக் கிடந்தது. மாடுகள் அதில் நடக்கப் பயந்து நின்றன.

அடுத்த வருஷம் ஐப்பசி பிறந்த கையோடு அந்தப் பெடியன் தென்னைகளுக்குள் வந்துசேர்ந்தான். கிடுகைத் தூக்கிப் பார்த்தான். ஏசவில்லை. மரியாதையாகத்தான் கேட்டான்.

“ஐயா, இது ஓடுமோ?”

“ஓடும் தம்பி,” என்றார் கனகசபாபதி, ஒருதரம்கூட ஸ்ராட் பண்ணிப் பார்க்காமல்.

“ஓடுற எஞ்சினெண்டா விடுறம். தண்டவாளம் இல்லாட்டிலும் கரண்டெடுக்க ஒரு நாளைக்குத் தேவைப்படும். செத்த இரும்பெண்டா வெட்டவேணும். பங்கருக்கு இரும்பு காணாது. நான் திரும்பி வரேக்கை ஓட்டிக் காட்டுங்கோ.”

அவன் போனதும் எஞ்சினை ஸ்ராட் பண்ண எத்தனை பற்றரி வேண்டும் என்று மூவரும் கணக்குப் பார்த்தார்கள்.

லொறி வைத்திருந்தவர்கள், உழவு மெசின் வைத்திருந்தவர்கள் வீடுகளுக்குத் தேவராசா போய்ப் பற்றரிகளை இரவல் வாங்கினார். மில்காரர் ஒருவர் மண்ணெண்ணெயில் ஓடும் மெசினால் அவற்றுக்கு மின் ஏற்றிக் கொடுத்தார். எல்லாவற்றையும் மாட்டுவண்டியில் வைக்கோலால் மூடிக் கொண்டுவந்தார்கள். ஒளித்து வைத்திருந்த டீசல் ஒரு கான் இருந்தது. ஊருக்குச் சொல்வதா விடுவதா என்று ஒரு கதை வந்தது.

“சொன்னா சனம் புதினம் பாக்க வரும். சனம் கூடினா ஹெலி வரும்,” என்றார் கனகசபாபதி. “ஒருத்தருக்கும் மூச்சு விடாதையுங்கோ. மழை மூட்டமான நாளாப் பாப்பம். மூட்டத்துக்கை அவன் பறக்கமாட்டான்.”

அதுவும் சரியாகத்தான் பட்டது. வானம் ஈயம் உருக்கி ஊற்றினது போலக் கிடந்த ஒரு காலையில் கனகசபாபதி உள்ளே ஏறி, ஆசனத்தைத் தொட்டுக் கும்பிட்டார். சிமியோன் சிலுவை அடையாளம் போட்டான். தேவராசா இரண்டையும் பார்த்துவிட்டுச் சும்மா நின்றார். பொத்தானை அமத்தினார்கள். எஞ்சின் ஒருதரம் முனகியது. இன்னொருதரம். பிறகு தொண்டைக்குள் சளி உடைந்தது போல ஒரு சத்தம் வந்து, கறுப்பு மூச்சொன்று கிடுகுக்குள்ளால் வெளியேற, ஓடத் தொடங்கியது.

சிமியோன் ஓடிப்போய் மூடியில் காதை வைத்தான். ஒவ்வொரு சிலிண்டராக எழும்பி வந்து சேர்ந்துகொண்டது. அவன் கண் கலங்கிப் போனான்.

பிறகு சத்தம் ஏறியது.

வேகக் கைபிடியைக் குறைத்தாயிற்று. கீழே இறங்கவில்லை. ஏறிக்கொண்டே போனது. தரை நடுங்கத் தொடங்கியது. கனகசபாபதி நிற்பாட்டும் பொத்தானை அமத்தினார். அமத்தி அமத்தி விரலை நோக வைத்துக்கொண்டார். சிமியோன் மூடியைத் திறந்து, டீசல் அளக்கும் தண்டைப் பிடித்து இழுத்தான். அது அசையவில்லை. விரலால் சுரண்டினான். நகத்துக்குள் தேன்நிறத்தில், பிசின் மாதிரி, காய்ந்த தோல் ஒன்று வந்தது.

சுறா எண்ணெய் காயும். காய்ந்து தோலாகும். அதனால்தான் பலகைக்குள் உப்பு இறங்குவதில்லை. ஓடாவி வீட்டில் பிறந்தவனுக்கு அதன் மணம் தெரிந்திருந்தது. வள்ளத்தில் நின்று பிழைக்காதபடியால் மற்றது தெரியாமற் போயிற்று. அசையவேண்டிய ஒவ்வொரு மூட்டையும் அவனே அன்பாக ஒட்டிவைத்திருந்தான். எஞ்சின் கிளம்பியபோது தண்டு எவ்வளவு டீசலுக்குத் திறந்ததோ அவ்வளவுக்கே திறந்தபடி நின்றது. வேகம் மிஞ்சினால் தானாக நிற்கவேண்டிய பூட்டும் அதே பிசினுக்குள் கிடந்தது.

“வெடிக்கப் போகுது, இறங்குங்கோ அண்ணை!”

கனகசபாபதி இறங்கவில்லை. சிமியோன் சாக்கொன்றைச் சேற்றுத்தண்ணீரில் முக்கிக்கொண்டு ஏறி, காற்று உறிஞ்சும் வாயில் திணித்தான். எஞ்சின் அதை இழுத்து விழுங்கப் பார்த்தது. இன்னொரு சாக்கு. அதுவும் போதவில்லை. தேவராசா மறுகதை பேசாமல் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தை அவிழ்த்து, நனைத்து, மேலே எறிந்தார். அதைத் திணித்ததும்தான் மூச்சு முட்டி, இருமி, ஒரு பெரிய உலுக்கலோடு எஞ்சின் நின்றது.

பிறகு வந்த அமைதி எஞ்சின் சத்தத்தைவிடப் பயமாக இருந்தது. ஒரு நாய் குரைக்கவில்லை. ஒரு பிள்ளை அழவில்லை. ஊர் முழுக்கச் செத்துப் போனது போலக் கிடந்தது.

“சனமெல்லாம் எங்கை?” என்றார் தேவராசா உள்காற்சட்டையோடு நின்றுகொண்டு.

சனம் பங்கருக்குள் இருந்தது. மின்சாரமும் மோட்டரும் இல்லாமல் இரண்டு மழைக்காலம் இருந்த ஊருக்கு, அப்படி ஒரு சத்தம் என்றால் அது வானத்திலிருந்துதான் வரும். அதிலும் சகடை. பீப்பாய்க் குண்டு உருட்டிவிடும் தடித்த விமானத்துக்கு ஊர் வைத்த பெயர். அவசரமில்லாமல் ஆறுதலாக, அடித்தொண்டையில் உறுமிக்கொண்டு வரும். கனடா எஞ்சினும் அப்படித்தான் உறுமியது.

ஒவ்வொரு தலையாக மண்ணுக்குள்ளிருந்து எழும்பியது. விஷயம் விளங்கியதும் சனம் தென்னைகளுக்குள் வந்து கூடியது. அடி விழும் என்று மூவரும் நினைத்தார்கள். மார்க்கண்டுதான் முதலில் வாய் திறந்தார்.

“கோதாரி விழுந்தவங்களே, சகடையெண்டு நினைச்சு நான் மனிசியையும் தள்ளிப்போட்டு முதல் ஆளா இறங்கீட்டன். இனி எந்த முகத்தோடை வீட்டை போறது?”

அவருடைய மனைவி குணலட்சுமி பின்னால் நின்று, “முகத்தை எஞ்சினுக்கை வைச்சிட்டு வாங்கோ,” என்றாள். ஊரே வெடித்துச் சிரித்தது. தேவராசாவின் கோலத்தைக் கண்டு இன்னும் சிரித்தது. யாரோ அவருக்கு ஒரு துவாய் எறிந்தார்கள். எஞ்சின் ஓடுகிறது என்ற சங்கதி மத்தியானத்துக்குள் கொடிகாமம் சந்தை வரைக்கும் போயிற்று. கனகசபாபதி கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தார்.

“காய்ஞ்சதைக் கழுவி எடுக்கலாமோ?” என்று அன்று பின்னேரம் சிமியோனிடம் தனியாகக் கேட்டார்.

“மண்ணெண்ணெயிலை ஊறவிட்டுச் சுரண்டலாம் அண்ணை. பெடியன் வரமுந்திச் செய்யலாம்.”

“பிறகென்ன, தப்பீட்டம்.”

தப்பிவிட்டோம் என்றுதான் சிமியோனும் நினைத்தான். கிடைத்த கொஞ்ச மண்ணெண்ணெயில் பழைய துணியை நனைத்து ஒவ்வொரு மூட்டாகச் சுரண்டத் தொடங்கினான்.

மழை விட்டு வானம் வெளித்த ஒரு காலை. சிமியோன் கிணற்றடியில் நின்றான். றோஸ் உடுப்பு அலம்பிக்கொண்டிருந்தாள். மார்க்கண்டு வேலியோரம் பாளை பொறுக்கிக்கொண்டு நின்றார். கிழக்கே ஒரு உறுமல் எழும்பியது. ஆறுதலாக, அடித்தொண்டையில்.

சிமியோன் வாளியை விட்டான். “றோஸ், பங்கருக்கை!”

றோஸ் நிமிர்ந்து கூடப் பார்க்கவில்லை. “உங்கடை எஞ்சினப்பா. கனகண்ணை போட்டிருப்பார்.”

“எஞ்சின் இல்லையடி! பிள்ளையளை எடு!”

மார்க்கண்டு வேலிக்கு மேலால் சிரித்தார். “இனி உந்த வெருட்டுக்கு நான் ஓடமாட்டன் ஓடாவி மகனே. ஒருக்காப் பட்டது காணும்.”

அவருக்குப் பின்னால் முற்றத்தில் குணலட்சுமி கையை நெற்றிக்கு வைத்து எஞ்சின் நின்ற தென்னைகளின் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். வானத்தைப் பார்க்கவில்லை. ஒழுங்கையில் சைக்கிளில் போன ஒருவர் மணி அடித்து, “எஞ்சின் நல்லா இழுக்குது!” என்று சொல்லிக்கொண்டு போனார். சிமியோன் குரல் கிழியக் கத்தினான். ஊர் அவனைப் பார்த்துச் சிரித்தபடி நின்றது. வள்ளத்தில் குனிந்து நின்ற பெடியனைப் பார்த்துச் சிரித்த அதே மாதிரிச் சிரிப்பு, பகையே இல்லாத சிரிப்பு. அதற்கு மேலால் சகடையின் நிழல் ஓலைகளில் வழுக்கிக்கொண்டு போனது.

குண்டு வயல்வெளியில் விழுந்தது. நிலம் தூக்கிப் போட்டது. கிணற்றுத் தண்ணீர் கட்டைத் தாண்டி வழிந்தது. அதற்குப் பிறகுதான் சனம் ஓடியது.

ஒருவரும் சாகவில்லை. மாடொன்று மட்டும் கயிற்றை அறுத்துக்கொண்டு எங்கோ போய்விட்டது. மார்க்கண்டு பங்கருக்குள்ளிருந்து வெளியே வந்து சுருட்டைப் பற்றவைத்தார். மூன்று நெருப்புக்குச்சி அணைந்தது.

“நான் உன்ரை எஞ்சினெண்டெல்லோ நினைச்சன்,” என்றார். கோபம் இல்லை. குற்றம் சொல்வது போலவும் இல்லை. “இனிமேல் கவனமாக் கேட்டுப் பாத்திட்டு ஓடுவம்.”

சிமியோனை அந்தச் சொல்தான் பிடித்துக்கொண்டது. கவனமாகக் கேட்டுப் பார்த்துவிட்டு. எது எஞ்சின், எது சகடை என்று ஒவ்வொரு முற்றத்திலும் ஒவ்வொருவர் தலையைச் சரித்துக்கொண்டு நிற்பார்கள். றோஸும் நிற்பாள். அவன் எஞ்சினை எவ்வளவு நன்றாக ஓடவைக்கிறானோ அவ்வளவுக்கு நேரமெடுத்து நிற்பார்கள். முழுக்க ஊமையாகக் கிடந்தால் மட்டும்தான் ஊர் நிற்காமல் ஓடும். அன்று பின்னேரம் அவன் மண்ணெண்ணெய்த் துணியை எடுக்கவில்லை. அடுத்த நாளும் எடுக்கவில்லை.

இயக்கத்துப் பெடியன் திரும்பி வந்தபோது அவனுக்கு முன்னரே கதை போயிருந்தது. முகத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது.

“ஓடினதாம் எண்டு கேள்விப்பட்டன் ஐயா.”

“ஊரே சாட்சி தம்பி!” கனகசபாபதி நெஞ்சை நிமிர்த்தினார். “பிற்றர் இருக்கிறான். கேட்டுப் பாரும்.”

பெடியன் சிமியோன் பக்கம் திரும்பினான். கிடுகில் ஒரு காகம் இருந்து இடம் மாறிக் குந்தியது.

“ஓடாது,” என்றான் சிமியோன்.

“என்னடா சொல்லுறாய்?”

“ஸ்ராட் பண்ணினா நிப்பாட்டேலாது தம்பி. கம்பியெல்லாம் இறுகிப்போச்சு. நிப்பாட்டேலாத எஞ்சின் ஓடுற எஞ்சினில்லை. திரும்பப் போட்டா வெடிக்கும்.”

“கழுவலாமெண்டு சொன்னனீ! மண்ணெண்ணெயிலை ஊறவிட்டாச் சரியெண்டு நீதானேயடா சொன்னனீ!”

“இல்லை அண்ணை,” என்றான் சிமியோன். “உள்ளுக்கை முறிஞ்சு போச்சு.”

தேவராசா ஏதோ சொல்லவந்தார். சிமியோனின் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். வாய் ஓயாத மனிதர் பேசாமல் விட்ட ஒரே இடம் அதுவாகத்தான் இருக்கும். பெடியன் எஞ்சினின் பக்கவாட்டில் கையை வைத்து, மாட்டைத் தட்டுவது போல இரண்டுதரம் தட்டினான்.

“பரவாயில்லை ஐயா. நீங்கள் வருத்தப்படாதையுங்கோ,” என்று கனகசபாபதிக்குச் சொன்னான்.

வெட்டுகிறவர்கள் காஸ் சிலிண்டரோடு வந்தபோது கிடுகைச் சிமியோனே இறக்கிக் கொடுத்தான். நல்ல கிடுகாகப் பார்த்து மார்க்கண்டு தன் கொட்டிலுக்கு எடுத்துக்கொண்டு போனார். வெட்டி முடிக்கப் பல நாள் சென்றது. முதல் நாள் வெட்டுகையில் கனகசபாபதி கொஞ்ச நேரம் வந்து நின்றார். சிமியோன் பக்கத்தில் போனான்.

“அண்ணை…”

“நீ கரையான்ரை புத்தியைக் காட்டீட்டாய்,” என்று அவர் அவனுடைய கடற்சாதியைச் சொல்லி ஏசினார். பிறகு, சொன்னது தனக்கே பிடிக்காதவர் போல முகத்தைச் சுழித்துக்கொண்டு, துவாயை உதறித் தோளில் போட்டபடி நடந்துபோனார். அதற்குப் பிறகு சங்கக்கடை வரிசையில் சிமியோன் நின்றால் அவர் பின்னால் இரண்டு ஆளை விட்டுவிட்டுத்தான் நிற்பார். காரணம் கேட்டு றோஸ் துளைத்தாள். அவளுக்கும் அவன் சொல்லவில்லை.

மாரி முடிந்து பனி தொடங்கிய பிறகு ஒரு காலை, ஆட்கள் சங்கக்கடைக்கு முன்னால் பாணுக்குக் காத்து நிற்கையில், கிழக்கே அந்த உறுமல் எழும்பியது. ஒருவரும் தலையைச் சரித்துக் கேட்கவில்லை. வரிசை அப்படியே உடைந்து சிதறியது. மார்க்கண்டு குணலட்சுமியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார். சிமியோன் றோஸையும் பிள்ளைகளையும் கடைக்குப் பின்னாலிருந்த பங்கருக்குள் தள்ளிவிட்டுத் தானும் குதித்தான்.

உள்ளே இருட்டு. ஈரமண் மணம். பக்கத்தில் ஒருவர் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். கண் பழகியதும் திருநீறு தெரிந்தது. கனகசபாபதி. அவர் அவனைப் பார்க்கவில்லை. மேலே உறுமல் நேர் உச்சிக்கு வந்தது. சிமியோனின் சின்னவள் அழத் தொடங்கினாள். கனகசபாபதி கால்களை மடக்கி, சுவரோடு ஒடுங்கி, பிள்ளைக்கு இருக்க இடம் விட்டார். இருவர் தோள்களும் முட்டிக்கொண்டு இருக்க, முதற் குண்டு விழும்போது காது வெடிக்காமல் இருக்க எல்லாரும் வாயைத் திறந்து வைத்துக்கொண்டார்கள்.